யார் விருப்பம் சட்டமாகிறது?

ஆட்சி பணக்காரர் பேச்சைத்தான் கேட்கும் என்று மூணாறு டீக்கடையில் யாரும் சொல்வார்கள். அதை அளந்தே பார்த்தவர் அமெரிக்க அரசியல் அறிஞர் மார்ட்டின் கிலென்ஸ்.

1981 முதல் 2002 வரை அங்கு நடந்த கருத்துக்கணிப்புகளிலிருந்து 1,779 கேள்விகளை எடுத்துக்கொண்டார். எல்லாமே 'இந்தத் திட்டம் வேண்டுமா, வேண்டாமா' என்ற வகை. நடுத்தர வருமானக்காரர் சொன்னதையும், நூற்றில் தொண்ணூறு பேரைவிட அதிகம் சம்பாதிப்பவர் சொன்னதையும் தனித்தனியே குறித்தார். நான்கு ஆண்டுக்குள் எது நிறைவேறியது என்று தேடினார்.

பெரும்பாலான விஷயங்களில் இரு தரப்பும் ஒன்றையேதான் விரும்பின. ஒரே வண்டியில் பூட்டிய இரண்டு மாடுகளில் எது இழுக்கிறது என்று எப்படிச் சொல்வது? அதனால் பெஞ்சமின் பேஜுடன் சேர்ந்து, 2014இல் வெளியிட்ட ஆய்வில், ஒவ்வொரு தரப்பின் தாக்கத்தையும் புள்ளியியல் முறையில் பிரித்தார். வசதியானவர்களின் விருப்பத்தையும் அமைப்பாகத் திரண்ட குழுக்களின் விருப்பத்தையும் கணக்கில் சேர்த்ததும், நடுத்தரக்காரரின் விருப்பத்துக்கு இருந்த செல்வாக்கு ஏறக்குறைய பூஜ்யமாகிவிட்டது. 'இரு தரப்பும் ஒத்துப்போவதால் நடுத்தரக்காரரும் கேட்டதைப் பெறுகிறாரே' என்று மறுத்தவர்கள் உண்டு. நியாயமான மறுப்புதான். ஆனால் பணக்காரரும் விரும்பியதால் கிடைப்பது வேறு, நாம் கேட்டதால் கிடைப்பது வேறு.

ஆகவே விருப்பங்கள் மோதும் இடத்தைத்தான் பார்க்க வேண்டும். கேரளத்தின் 1963ஆம் ஆண்டு நிலச்சீர்திருத்தச் சட்டம் நில உச்சவரம்பு கொண்டுவந்தது. பின்னர் வந்த திருத்தத்தால் லட்சக்கணக்கான குத்தகைதாரர்கள் நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் ஆனார்கள். மகத்தான சாதனை. ஆனால் தேயிலை, ரப்பர் தோட்டங்களுக்கு உச்சவரம்பிலிருந்து விலக்கு. துண்டாக்கினால் உற்பத்தி கெடும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். லஞ்சம் கைமாறியது என்று நான் சொல்லவில்லை. ஒரு விலக்குப் பிரிவு யாருக்குப் பலன் தந்தது என்று பார்த்தாலே போதும். மூணாறுத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து கிள்ளிய தமிழ்க் குடும்பங்கள் கம்பெனி லயத்தில், அதாவது கம்பெனி கட்டிய வரிசை வீடுகளில்தான் இருக்கின்றன; வேலை ஓய்ந்தால் அதையும் காலி செய்ய வேண்டும்.

2015 செப்டம்பரில் 20 சதவீத போனஸ் 10 ஆகக் குறைந்தபோது மூணாறுத் தோட்டப் பெண்கள் 'பெம்பிளை ஒருமை' (பெண்கள் ஒற்றுமை) என்று திரண்டு சாலையில் உட்கார்ந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர்களையே பக்கத்தில் விடவில்லை, தங்கள் பெயரில் பேச வேண்டியவர்கள் நிர்வாகத்தோடு சேர்ந்துவிட்டார்கள் என்று. போனஸ் திரும்பக் கிடைத்தது. தினக்கூலி 232 ரூபாயை 500 ஆக்கக் கேட்டார்கள். 301 ஆனது.