பூட்டி வைக்க முன்னம் கேளுங்கள்: எதை எடுக்கிறான்?

"பொடியனை ஒரு கிழமை அறைக்குள்ள பூட்டி வையுங்கோ, எல்லாம் தெளிஞ்சிடும்." பரந்தனிலிருந்து புதுக்குடியிருப்பு வரைக்கும் இந்த வைத்தியம்தான் ஊருக்கு ஊர் சொல்லப்படுகிறது. ஹெரோயின் எடுப்பவனைப் பூட்டினால் அவன் படாத பாடு படுவான், ஆனால் பெரும்பாலும் உயிர் தப்பும். தினமும் அரைப்போத்தல் சாராயம் குடிப்பவரைப் பூட்டினால் மூன்றாம் நாள் அவர் இறந்தும் போகலாம். ஆகவே ஏன் எடுக்கிறான், யார் பழக்கினது என்ற விசாரணை எல்லாம் பிறகு. எதை, எவ்வளவு, கடைசியாக எத்தனை மணிக்கு? முதலில் இந்த மூன்றுக்கும் விடை வேண்டும்.

போதைப்பொருள் என்றதும் ஹெரோயின் தூளும், மெதம்பெற்றமின் எனப்படும் ஐஸும்தான் நினைவுக்கு வருகின்றன. திடீரென நிறுத்தினால் உயிரை எடுக்கக்கூடியது தவறணையில் பகிரங்கமாக விற்கப்படுகிறது. சாராயத்தில் மதுசாரம் நூற்றுக்கு 33 வீதமளவில் இருக்கிறது. 180 மில்லிலீற்றர் போத்தலில் ஏறத்தாழ 47 கிராம், 375 மில்லிலீற்றர் போத்தலில் 100 கிராமுக்குக் கிட்ட. வருடக்கணக்காக இவ்வளவையும் தாங்கிப் பழகிய மூளைக்கு ஒருநாள் அது கிடைக்காமல் போனால், 6 முதல் 8 மணித்தியாலத்தில் கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில்தான் பெரிய ஆபத்து. நாள், கிழமை தெரியாது. சுவரில் பூச்சி ஊருது என்பார். பெற்ற பிள்ளையையே யாரென்று கேட்பார். உடம்பு அனலாய்க் கொதிக்கும். பேய் பிடித்துவிட்டது என்று பார்வை பார்க்கவும் நூல் கட்டவும் கொண்டுபோய், வைத்தியசாலைக்கு வரும்போது ஒரு நாள் பிந்திவிடுகிறது.

வைத்தியசாலையில் டயசிப்பாம் போன்ற மருந்தை அளவாகத் தொடங்கி, நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டு வருவார்கள். அதோடு தயமின், அதாவது விற்றமின் பி1. இங்கே ஒரு எச்சரிக்கை: "களைச்சுப்போனார், ஒரு சேலைன் ஏத்திவிடுங்கோ" என்று எங்காவது கொண்டுபோனால், அவர் குடிப்பவர் என்பதை மறைக்காதீர்கள். தயமின் குறைந்த உடம்பில் அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் நடை தள்ளாடலாம், கண் அசைவு குழம்பலாம், ஞாபகம் நிரந்தரமாகவே போகலாம்.

கள்ளத்தனமாகக் காய்ச்சும் கசிப்பின் கதை வேறு. தொழிற்சாலை ஸ்பிரிட் கலந்திருந்தால் அதில் மெதனோல் இருக்கலாம். வெறி முறிந்து அரை நாள், ஒரு நாள் கழித்து தலையிடி, சத்தி, பார்வை பனிமூட்டம் போல் மங்குதல் என்று வந்தால் விடியட்டும் என்று இருக்க வேண்டாம், கண் போய்விடும்.

அடுத்தது பிரகபலின் என்ற வலி மருந்துக் கப்சூல். இதைப் பற்றி வன்னிக்கென்று தனியாகப் பேச வேண்டியிருக்கிறது. 2009 இற்குப் பிறகு கால் இழந்தவர்களும், உடம்பில் ஷெல் துண்டோடு வாழ்பவர்களும், முள்ளந்தண்டில் காயப்பட்டவர்களும் இங்கே ஏராளம். இல்லாத காலில் எரிவு வரும் நரம்பு வலிக்கு பிரகபலின் நியாயமான மருந்து. வைத்தியர் மேற்பார்வையில் நாளொன்றுக்கு 600 மில்லிகிராம்தான் உச்ச அளவு. அதே கப்சூலைத்தான் இளவட்டங்கள் கைப்பிடியாய்ப் போட்டு, மேலே பியரும் குடிக்கிறார்கள். வாயில் மணம் இல்லாமல் தள்ளாட்டம், நா குழறல், பொருட்கள் இரண்டாய்த் தெரிதல் என்றால் இதைச் சந்தேகியுங்கள். மதுவோடோ ஹெரோயினோடோ சேர்ந்தால் மூச்சு அடங்கும். அளவுக்கு மிஞ்சி எடுத்துப் பழகியவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். கிழமைக்கணக்கில் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். ட்ரமடோல் என்ற வலிக் குளிசை இன்னும் பொல்லாதது, அளவு கூடினாலே வலிப்பு வரலாம்.

இந்தச் செய்தியைக் கேட்டுப் பயந்து அப்புவின் மருந்தை நிறுத்திவிடாதீர்கள். அவருக்கு அது தேவை. அட்டையை எண்ணி, பூட்டி வையுங்கள். மாதம் முடிய முதலே மருந்து முடிந்தால், அப்புவுக்கு மறதி என்று நினைக்க முன் வீட்டில் வேறு யார் எடுக்கிறார்கள் என்று பாருங்கள்.

ஹெரோயினை எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் ஈயத்தாளில் வைத்து, கீழே சூடு காட்டிப் புகையை இழுக்கிறார்கள். கருகிய கோடு விழுந்த ஈயத்தாள் துண்டு, கண்மணி ஊசிமுனையளவு சுருங்கியிருத்தல், இருந்தபடியே தூங்கி விழுதல், நாள்பட்ட மலச்சிக்கல் ஆகியவை அடையாளம். நிறுத்தி 8 முதல் 12 மணித்தியாலத்தில் கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்செறிதல். பிறகு வயிற்று முறுக்கு, வயிற்றோட்டம், சத்தி, உறக்கமின்மை. இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சம், ஒரு கிழமையில் பெரும்பாலும் தணியும். நீரிழப்புத்தான் கவனிக்க வேண்டியது: ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் ஒரு பக்கற் ஜீவனி (உப்பு, சீனி கலந்த நீரிழப்புத் தூள்), மடக்கு மடக்காக. உண்மையான ஆபத்து அதற்குப் பிறகு வருகிறது. மறியலிலோ புனர்வாழ்விலோ இருந்து வந்தவன், முன்பு இழுத்த அதே அளவை இழுப்பான். உடம்போ தாங்கும் சக்தியை எப்போதோ இழந்துவிட்டது. வீட்டுக்கு வந்த முதல் இரண்டு கிழமையில் அவனைத் தனியே படுக்க விடாதீர்கள்.

ஐஸ் இதற்கு நேரெதிர். இரண்டு மூன்று நாள் உறக்கமில்லை, பசியில்லை, கண்மணி விரிந்திருக்கும், பல்லை நறுநறுவென்று கடிப்பான். பிறகு சந்தேகம் தொடங்கும்: அம்மா சோற்றில் நஞ்சு வைக்கிறா, பக்கத்து வீட்டான் போனை ஒட்டுக் கேட்கிறான். அந்த நேரம் வாதாட வேண்டாம், ஆட்களைக் கூட்டி அமுக்க வேண்டாம். கட்டிப்போட்டுக் குப்புறக் கிடத்துவது மூச்சையே நிறுத்தலாம். வாசலை மறிக்காமல், ஒருவர் மட்டும் மெதுவாகப் பேசி வைத்தியசாலைக்குக் கொண்டுவாருங்கள். நிறுத்தியதும் ஒன்றிரண்டு நாள் அடித்துப் போட்டாற்போல் தூங்குவான். வீட்டார் நிம்மதியடையும் நேரம் அதுதான், மனம் சோர்ந்து தற்கொலை எண்ணம் வருவதும் அதையொட்டித்தான். வயலுக்கு வாங்கிய கிருமிநாசினியை வீட்டிலிருந்து அகற்றுங்கள். ஐஸுக்கு மாற்று மருந்து கிடையாது. காவலும் உறக்கமும் சாப்பாடும் ஆலோசனையும்தான்.

கஞ்சா பற்றிச் சுருக்கமாக: மூலிகைதானே என்பவர்களுக்கு, பதின்ம வயதில் தொடங்குபவர்களிடம் மனச்சிதைவு அபாயம் கூடுகிறது என்பது போதும். பாக்கும் புகையிலையும் கலந்த மாவாவுக்கு வீட்டிலேயே ஒரு சோதனை உண்டு. மூன்று விரலை நிமிர்த்தி ஒன்றின் மேல் ஒன்றாக வாய்க்குள் வைக்கச் சொல்லுங்கள். போகவில்லை என்றால் பாக்கு உள்வாய்த் தோலை இறுக்கத் தொடங்கிவிட்டது. பல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

யாராவது எழுப்ப எழும்பாமல் கிடந்து, மூச்சு நிமிடத்துக்கு 12 ஐ விடக் குறைந்து, உதடு நீலம் பாரித்தால் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். மூச்சு இருக்கிறபடியால் இடப்பக்கம் சரித்துப் படுக்க வைத்து, நாடியை (முகவாயை) சற்று மேலே உயர்த்துங்கள். தலையில் தேசிக்காய் தேய்ப்பது, புளித்தண்ணி பருக்குவது, சத்தி எடுக்க வைப்பது எல்லாம் வேண்டாம். வாயில் ஊற்றியது நுரையீரலுக்குள் போகும். என்ன எடுத்தான் என்று அம்புலன்ஸில் வருபவர்களிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். ஹெரோயினுக்கு நலோக்சோன் என்ற முறிமருந்து உண்டு. அதன் வேலை ஹெரோயினை விட முந்தி முடியும் என்பதால், கண் விழித்தவுடன் கையெழுத்து வைத்துக் கூட்டிக்கொண்டு போகக்கூடாது.

வவுனியா, கிளிநொச்சி, மன்னார், முல்லைத்தீவு மாவட்ட வைத்தியசாலைகளின் மனநலப் பிரிவுக்கு வரும்போது வெற்று அட்டைகள், மீந்த கப்சூல், பழைய கிளினிக் கொப்பி எல்லாவற்றையும் கொண்டுவாருங்கள். கடைசியாக எடுத்த நேரத்தை ஒரு துண்டில் எழுதி வையுங்கள். அவன் வர மறுத்தால் நீங்கள் மட்டும் வந்தாலும் போதும். இரவில் யாரிடமாவது பேச வேண்டுமென்றால் 1926, தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம்.