அறிமுகத் தொகுப்பா, முதல் தொகுப்பா?

அமெரிக்கப் பாடகர்களைப் பற்றித் தமிழில் எழுதப்படும் குறிப்புகளில் ‘டெப்யூ ஆல்பம்’ (ஒருவர் வெளியிடும் முதல் பாடல் தொகுப்பு) என்பதற்கு ‘அறிமுகத் தொகுப்பு’ என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. இது பொருந்தாத ஆக்கம்.

டெப்யூ பிரெஞ்சுச் சொல். ஆட்டத்தைத் தொடங்கிவைப்பதைக் குறித்த வினையிலிருந்து பிறந்து, மேடையில் முதன்முறை தோன்றுவதற்கு ஆகிவந்தது. ஆல்பம், வெண்மையைக் குறிக்கும் இலத்தீன் சொல்வழி வந்தது. இசைத்தட்டுகளைச் செருகிவைக்கும் உறைப் புத்தகத்துக்கும், 1948க்குப் பின் பல பாடல்கள் அடங்கிய நெடுந்தட்டுக்கும் பெயராயிற்று. இவற்றுள் ‘தொகுப்பு’ பற்றி எனக்கு மறுப்பில்லை, ‘அறிமுகம்’ பற்றித்தான்.

அறிமுகம் என்பது தெரியாதவரைத் தெரிந்தவராக்குவது. முதல் ஆட்டம் ஆட வரும் கிரிக்கெட் வீரரை ‘அறிமுக வீரர்’ என்பதை ஒருவாறு ஏற்கலாம். கன்ட்ரி என்னும் அமெரிக்க இசைவகையின் பாடகர் ஜானி கேஷுக்கு அது எப்படிப் பொருந்தும்? மெம்பிஸ் நகரின் சன் ரெக்கார்ட்ஸ் 1955இலேயே அவருடைய முதல் தட்டை வெளியிட்டது; 1956இல் ‘ஐ வாக் த லைன்’ கன்ட்ரி பாடல்களின் தரவரிசையில் முதலிடத்தைப் பிடித்தது. தொகுப்போ 1957 அக்டோபரில்தான் வந்தது. ஏற்கெனவே தனித்தட்டுகளாக வந்து புகழ்பெற்ற பாடல்களும் அதில் இருந்தன. பக்கத்துக்கு ஒரு பாட்டாகச் சிறு தட்டுகளை விட்டுப் பார்த்து, அவை விற்ற பிறகே நெடுந்தட்டுக்குப் பணம் போடுவது அன்றைய வணிக முறை. ஆகவே அந்தத் தொகுப்பு எவரையும் அறிமுகப்படுத்தவில்லை. அறிமுகமானவர் என்பதால்தான் அதுவே வந்தது.

மேலும், ‘அறிமுக வகுப்பு’ என்றால் ஒரு பாடத்தை அறிமுகப்படுத்தும் வகுப்பு என்றுதானே கொள்கிறோம்? அவ்வாறே ‘கேஷின் அறிமுகத் தொகுப்பு’ என்றால், அவரைப் புதிதாகக் கேட்கத் தொடங்குவோருக்காகப் பொறுக்கியெடுத்த பாடல்கள் என்றே தமிழ் மட்டும் அறிந்தவர் பொருள்கொள்வார். ‘கன்னித் தொகுப்பு’ என்போரும் உண்டு. மேடைப் பேச்சுக்கு ஒட்டிய அந்த அடை இசைத்தட்டுக்கு ஒட்டவில்லை. ‘முதல் தொகுப்பு’ என்பதில் எந்த மயக்கமும் இல்லை. எளிய சொல்லாக இருப்பதே அதன் குற்றம் போலும். மொழிபெயர்ப்பாளர் பலருக்குக் கலைச்சொல் என்றால் கொஞ்சம் கனமாக இருந்தாக வேண்டும்.

இதே கைகள்தாம் கன்ட்ரி இசையை ‘நாட்டுப்புற இசை’ ஆக்குகின்றன. நாட்டுப்புறப் பாடல் பெரும்பாலும் இயற்றியவர் பெயர் தெரியாமல் வாய்வழியாக வருவது. கன்ட்ரியோ 1920களில் இசைத்தட்டு நிறுவனங்கள் சந்தைக்காக வளர்த்தெடுத்த வகை, பாட்டுக்குப் பாட்டு உரிமையாளர் உண்டு. ‘நாட்டுப்புறப் பாடகரின் அறிமுகத் தொகுப்பு’ என்று எழுதியதைப் படிப்பவருக்கு ஒப்பாரியும் தெம்மாங்குமே நினைவுக்கு வரும். கர்நாடக இசை, ஜாஸ் என்பதுபோல் கன்ட்ரியையும் பெயராகவே விட்டு, ‘கன்ட்ரி பாடகரின் முதல் தொகுப்பு’ என்று எழுதுவதே முறை.