குறையைக் கடத்தும் சிப்: எண்பதுகளின் சிந்தசைசர் பாடல்கள் ஏன் அப்படி ஒலிக்கின்றன?

"எண்பதுகளின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் வந்த, பெரிதாகப் பெயர் வாங்காத சிந்த்பாப், டார்க்வேவ் பாடல்களைக் கேட்டு வருகிறேன். கீபோர்டில் ஒரே சுரத்தை அழுத்திப் பிடித்திருந்தாலும் ஒலி நிலையாக நிற்காமல் மெல்ல அசைந்துகொண்டே இருக்கிறது. என் போனில் உள்ள கீபோர்டு செயலியில் அதே சுரங்களை வாசித்தால் அந்த அசைவு வரவில்லை. ஏன்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். எனக்கு மிகவும் பிடித்த ஒரு சிப்பைப் பற்றி எழுத இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது.

அவர் சொல்லும் பாடல்கள் தனி உலகம். சிந்தசைசர் என்ற மின்னணு கீபோர்டை மையமாக வைத்த பாப் இசை சிந்த்பாப், அதன் இருண்ட, சோகமான உறவினர் டார்க்வேவ். டெப்பெஷ் மோடு, ஹ்யூமன் லீக் போன்ற பெயர்கள் நம்மில் பலருக்குத் தெரியும். ஹாம்பர்க்கின் எக்ஸ்மால் டாய்ச்லாண்ட், பிரான்சின் நான்சி நகரத்து காஸ் புராடக்ட், நெதர்லாந்தின் நைமேகன் நகரில் தொடங்கிய க்ளான் ஆஃப் ஸைமாக்ஸ் ஆகியோரை அவ்வளவு பேருக்குத் தெரியாது. இரண்டு பேர், ஒரு சிந்தசைசர், ஒரு ரிதம் மெஷின் என்று வீட்டு அறையில் பதிவு செய்து, இசைத்தட்டு போடக் காசில்லாமல் கேசட்டாக வெளியிட்டவர்கள் நிறையப் பேர். இங்கிலாந்தின் சாலிட் ஸ்பேஸ் குழு தன் ஒரே ஆல்பத்தை 1982இல் அப்படித்தான் கேசட்டில் விட்டது. லண்டனின் ஓப்பன்ஹைமர் அனாலிசிஸ் இருவர் குழுவின் கேசட்டும் அதே வருடம்தான். 2005இல் வெரோனிகா வசிக்கா என்பவர் நியூயார்க்கில் மினிமல் வேவ் என்ற லேபிளைத் தொடங்கி, முதல் வெளியீடாக இந்த ஓப்பன்ஹைமர் பாடல்களை மறுபடி கொண்டுவந்தார். அதற்குப் பிறகுதான் இந்த இசையில் பலதும் தூசி தட்டி எடுக்கப்பட்டது.

எந்தக் குழு எந்தக் கருவியை வைத்திருந்தது என்று நான் இங்கே ஆராயப் போவதில்லை. அந்தக் காலத்தில் கையில் அதிகப் பணமில்லாத குழுக்கள் வாங்க முடிந்த கருவிகளில் திரும்பத் திரும்பத் தென்படும் ஒரு பாகம்தான் விஷயம்.

முதலில் பிரச்சினையைப் பார்ப்போம். இருபது வயலின்கள் ஒரே சுரத்தை வாசித்தால் இருபதும் அச்சு அசலாக ஒரே அதிர்வெண்ணில் இருக்காது. ஒன்று 440 ஹெர்ட்ஸ், இன்னொன்று 441, மற்றொன்று 439.5. இவை ஒன்றோடொன்று சேரும்போது விம்மல்கள் உருவாகும் என்று பள்ளியில் படித்திருப்போம். வயலின் குழுவின் செழுமையே அந்த விம்மல்களில்தான் இருக்கிறது. எழுபதுகளில் வந்த 'ஸ்ட்ரிங் மெஷின்' கீபோர்டுகளில் இதற்கு வழியே இல்லை. செலவைக் குறைக்க, மேல் ஸ்தாயியின் சுரங்களை மட்டும் மின்சுற்றில் உருவாக்கி, அவற்றை இரண்டால் வகுத்து வகுத்துக் கீழ் ஸ்தாயிகளை எடுத்தார்கள். எல்லா ஸ்தாயியும் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு நிற்கும். சுருதி சுத்தம்தான், ஆனால் ஒலியில் உயிர் இருக்காது. 1982இல் ஜப்பானின் ரோலண்ட் கம்பெனி வெளியிட்ட ஜூனோ-60 சிந்தசைசருக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான். ஒலிக்கும் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரே ஒரு ஆஸிலேட்டர் (ஒலி அலையை உருவாக்கும் மின்சுற்று), அதுவும் டிஜிட்டல் கடிகாரத்தால் கட்டுப்படுத்தப்பட்டது. இம்மியும் பிசகாது.

அப்படியானால் பிசகைத் தனியாக உண்டாக்க வேண்டும். ஒலியின் ஒரு நகலைச் சில மில்லி நொடிகள் தாமதப்படுத்தி, அந்தத் தாமதத்தை மெல்லக் கூட்டிக் குறைத்து, மூல ஒலியோடு கலந்தால் போதும். இதற்குப் பெயர் கோரஸ். கம்ப்யூட்டர் நினைவகம் யானை விலை விற்ற காலத்தில் ஒலியை எங்கே தேக்கி வைப்பது என்பதுதான் கேள்வி.

விடை நெதர்லாந்திலிருந்து வந்தது. ஐந்தோவனில் உள்ள பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தில் சாங்ஸ்டர், டேர் என்ற இருவர் 1969இல் 'பக்கெட் பிரிகேட்' என்ற மின்சுற்றை அறிவித்தார்கள். ஒரு சிப்புக்குள் வரிசையாக மின்தேக்கிகள், அடுத்தடுத்த இரண்டுக்கு நடுவே ஒரு டிரான்சிஸ்டர். தீயணைக்க ஆட்கள் வரிசையில் நின்று வாளியைக் கைமாற்றுவதுபோல மின்னேற்றம் ஒரு மின்தேக்கியிலிருந்து அடுத்ததற்குப் போகிறது என்றுதான் பெரும்பாலும் விளக்குவார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதிதான் இந்தச் சிப்பின் அழகு.

உண்மையில் நடப்பது இது. ஆட்கள் வரிசையாக நிற்கிறார்கள், ஆளுக்கொரு வாளி. எல்லா வாளியும் விளிம்பு வரை நிறைந்திருக்கிறது. முதல் வாளியிலிருந்து கொஞ்சம் தண்ணீரை எடுத்துவிடுகிறோம். எவ்வளவு எடுத்தோம் என்பதுதான் செய்தி. மணி அடித்ததும் இரண்டாம் ஆள் தன் வாளியிலிருந்து ஊற்றி முதல் வாளியை நிரப்புகிறார். முதல் வாளி நிறைந்துவிட்டது, ஆனால் இரண்டாம் வாளியில் இப்போது அதே அளவு குறை. அடுத்த மணிக்கு மூன்றாம் ஆள் இரண்டாம் வாளியை நிரப்புகிறார். இப்படியே போனால் தண்ணீர் பின்னோக்கி ஓடுகிறது, குறை முன்னோக்கி நகர்கிறது. கடைசி வாளியில் எவ்வளவு குறைகிறது என்று பார்த்தால் நாம் அனுப்பிய செய்தி அப்படியே வந்திருக்கும்.

எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று யாரும் அளப்பதில்லை என்பதைக் கவனியுங்கள். நிரப்பப்படும் மின்தேக்கியின் மின்னழுத்தம் குறிப்பிட்ட அளவுக்கு ஏறியதும் நடுவிலுள்ள டிரான்சிஸ்டர் தானாகவே மூடிக்கொள்ளும். 'நிறைந்தது' என்பதற்கு எல்லா இடத்திலும் ஒரே அளவுகோல் என்பதால், குறை எந்தப் பெருக்கியின் தயவும் இல்லாமல் நூற்றுக்கணக்கான படிகளைத் தாண்டுகிறது. இதை முதன்முதலில் புரிந்துகொண்டபோது எனக்கு உண்டான சந்தோஷம் இன்றும் குறையவில்லை.

ஒரே ஆள் ஒரே நேரத்தில் ஊற்றவும் வாங்கவும் முடியாது என்பதால் ஒன்று விட்டு ஒன்றில்தான் செய்தி இருக்கும், இடையில் உள்ளவை நிறைந்து காத்திருக்கும். இரண்டு கடிகாரத் துடிப்புகள் மாறி மாறி வந்து இந்த வேலையை நடத்துகின்றன. இரண்டும் ஒரு முறை வந்து முடிவதற்குள் செய்தி இரண்டு படி நகர்ந்துவிடும். ஜூனோ-60இன் கோரஸில் இருந்தது ஜப்பானின் மட்சுஷிட்டா கம்பெனியின் எம்என்3009 என்ற 256 படிச் சிப், மொத்தம் இரண்டு. கடிகாரம் நொடிக்கு 64,000 முறை துடித்தால் ஒலி இதைக் கடக்க 2 மில்லி நொடி ஆகும். துடிப்பை 25,600 ஆகக் குறைத்தால் 5 மில்லி நொடி. சிப்பில் எதையும் மாற்ற வேண்டியதில்லை, மணியை மெதுவாக அடித்தால் போதும்.

இனி கணக்கு சுலபம். தாமதம் மாறாமல் இருக்கும்வரை சுருதி மாறாது. தாமதம் குறைந்துகொண்டே வரும்போது அலைகள் நெருக்கிக்கொண்டு வெளியே வரும், சுருதி ஏறும். கூடிக்கொண்டே போனால் இறங்கும். டாப்ளர் விளைவேதான். தாமதம் ஒரு நொடிக்குள் 5 மில்லி நொடியிலிருந்து 2 ஆகக் குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரத்தில் மூன்று பங்கு, அதாவது 0.3 சதவீதம் சுருதி ஏறும். 440 ஹெர்ட்ஸ் 441.3 ஆகும். பக்கத்துப் பக்கத்து இரண்டு சுரங்களுக்கு இடையே சுமார் 6 சதவீத வித்தியாசம் இருப்பதால், இதில் அபசுரம் என்று காது எதையும் பிடிக்காது. மூல ஒலியோடு கலக்கும்போது விம்மல் மட்டும் கேட்கும்.

ஜூனோவில் இந்த ஏற்ற இறக்கத்தை முக்கோண அலை ஒன்று நடத்துகிறது. அதை இடது சிப்புக்கு நேராகவும் வலது சிப்புக்குத் தலைகீழாகவும் கொடுத்தார்கள். இடது காதுக்கான நகல் சற்று ஏறும்போது வலது காதுக்கானது இறங்கும், அப்புறம் இரண்டும் இடம் மாறிக்கொள்ளும். நெதர்லாந்தின் எமினெண்ட் கம்பெனி தயாரித்த சோலினா ஸ்ட்ரிங் மெஷினில் இப்படி மூன்று தாமதப் பாதைகள். மூன்றும் ஒரு சுற்றில் மூன்றில் ஒரு பங்கு இடைவெளி விட்டு அலையும். போதாததற்கு மெதுவான அலைவோடு வேகமான இன்னோர் அலைவையும் சேர்த்திருந்தார்கள். கிதார் வாசித்தவர்கள் இதே சிப் குடும்பத்தைக் காலால் மிதிக்கும் பெடல்களில் வைத்துக்கொண்டார்கள். டார்க்வேவ் கிதாரின் குளிர்ந்த மினுமினுப்பு பெரும்பாலும் அந்தப் பெடல்களிலிருந்து வந்ததுதான்.

அந்த ஒலி கொஞ்சம் மங்கலாக, இருட்டாக இருப்பதற்கும் காரணம் உண்டு. சிப் ஒலியைத் துண்டு துண்டாகத்தான் எடுத்துக்கொள்கிறது. கடிகாரத் துடிப்பில் பாதிக்கு மேற்பட்ட அதிர்வெண்கள் உள்ளே போனால் சம்பந்தமில்லாத ஒலிகளாக வெளியே வரும். அதனால் உள்ளே போகுமுன் ஒரு ஃபில்டர், வெளியே வந்தபின் இன்னொரு ஃபில்டர் என்று உச்ச ஒலிகளை வெட்டிவிடுவார்கள். போகிற வழியில் ஒவ்வொரு படியிலும் மின்னேற்றத்தில் கொஞ்சம் பின்தங்கிவிடும், அதுவும் கூர்மையை மழுங்கடிக்கும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பக்கெட் பிரிகேட் வந்த அதே 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பாயிலும் ஸ்மித்தும் சிசிடி என்ற சிப்பை யோசித்தார்கள். அதுவும் மின்னேற்றத்தைப் படிப்படியாகக் கடத்துவதுதான். அது டிஜிட்டல் கேமராவின் கண்ணாக மாறி 2009இல் நோபல் பரிசு வாங்கியது. ஒரு கம்பெனி ஆய்வுக்கூடத்தின் சுற்று, பதினைந்து வருடத்துக்குள் ஐரோப்பா முழுவதும் இளைஞர்கள் வீட்டு அறையில் பதிவு செய்த சோகப் பாட்டுகளுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று எந்த நிதிக்குழுவும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது. ஆராய்ச்சித் திட்டங்களுக்குப் பணம் ஒதுக்கும்போது 'இதனால் உடனே என்ன பயன்' என்பதையே முதல் கேள்வியாகக் கேட்கும் நம் ஊர் வழக்கம் மாற வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இன்னொன்று, அனலாக் கருவிக்கு ஆன்மா உண்டு, டிஜிட்டலுக்கு இல்லை என்று சொல்லிப் பழைய சிப்களுக்குக் கொள்ளை விலை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். இது மூடநம்பிக்கைதான். தாமதம், அலைவு, ஃபில்டர், இரைச்சல் எல்லாமே அளக்கக்கூடியவை. அளக்க முடிந்ததைக் கணினியில் திரும்ப உருவாக்கவும் முடியும்.

எனவே வாசகருக்கு: உங்கள் செயலியில் எஃபெக்ட் பகுதி இருந்தால் கோரஸைத் திறந்து, தாமதத்தை 2 முதல் 5 மில்லி நொடிக்குள் வையுங்கள். வேகத்தை அரை ஹெர்ட்ஸ் ஆக்குங்கள், அலை வடிவத்துக்கு முக்கோணத்தைத் தேர்ந்தெடுங்கள். மூல ஒலியும் நகலும் சம அளவு, இடமும் வலமும் எதிரெதிர் திசை. கடைசியில் உச்ச ஒலிகளை வெட்டும் லோ-பாஸ் ஃபில்டரை 8,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் போட்டுவிட்டு, ஒரு மைனர் கார்டை (சோகமாக ஒலிக்கும் மூன்று சுரக் கூட்டு) நான்கைந்து நொடி விடாமல் பிடித்துப் பாருங்கள். போனின் ஸ்பீக்கரில் வேண்டாம், இடமும் வலமும் ஒன்றாகக் கலந்து பாதி விளைவு காணாமல் போய்விடும். இயர்போனில் கேளுங்கள்.