கைப்பேசியை எந்த நேரத்தில் எடுக்கிறோம்?

உளவியல் ஆலோசனைக்கு வருகிறவர்களில், சமூக ஊடகத்தைத் தன் பிரச்சினையாகச் சொல்லிக்கொண்டு வருகிறவர் மிகக் குறைவு. தூக்கம் வரவில்லை, வேலையில் மனம் நிற்கவில்லை, வீட்டில் சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுகிறேன் என்றுதான் பேச்சு தொடங்கும். கொஞ்சம் பேசிய பிறகு, "அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்."

அடுத்ததாக "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்?" என்று கேட்கத் தோன்றும். ஆப்பிளும் கூகுளும் 2018-இல் கைப்பேசியிலேயே அந்தக் கணக்கைக் காட்டத் தொடங்கிவிட்டதால், பலர் அந்த எண்ணோடுதான் வருகிறார்கள். அது பயனற்றது என்று சொல்லமாட்டேன். ஆனால் அதை வைத்துக்கொண்டு அதிக தூரம் போக முடிவதில்லை. தொலைவில் இருக்கும் அக்காவோடு தினமும் ஒரு மணி நேரம் பேசுகிறவரும், மனம் சுருங்கும்போதெல்லாம் இரண்டு நிமிடம் ரீல்ஸுக்குள் போய் ஒளிந்துகொள்கிறவரும் இரவில் ஒரே எண்ணைக் காட்டலாம். இருவருடைய நாளும் ஒன்றல்ல. அதனால் நான் கேட்பது வேறு. எந்தெந்த நேரத்தில் கை போனுக்குப் போகிறது? அதற்கு முந்தைய நிமிடத்தில் என்ன நடந்தது?

இந்தக் கேள்வியோடு ஒருவருடைய ஒரு நாளைப் பார்க்கலாம். பலர் என்னிடம் சொன்னவற்றைக் கலந்து ஒருவருடையதாக எழுதுகிறேன். தனிப்பட்ட யாருடைய அடையாளமும் இதில் இல்லை.

காலையில் அலாரம் அடிக்கிறது. அது போனில்தான் இருக்கிறது. அலாரத்தை நிறுத்திய அதே விரல் அப்படியே ஸ்டேட்டஸ் பக்கம் போகிறது. கட்டிலை விட்டு இறங்குவதற்குள் ஒரு திருமணப் படம், ஒரு இரங்கல் செய்தி, ஒரு அரசியல் சண்டை, கூடப் படித்தவரின் பதவி உயர்வு என எல்லாம் கண்ணில் பட்டுவிடுகின்றன. இன்று எனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொள்வதற்கு முன்பே நான்கு பேருடைய வாழ்க்கைக்கு மனம் பதில் சொல்லி முடித்திருக்கிறது. காலையிலேயே களைப்பாக இருக்கிறது என்று சொல்கிறவர்களிடம் நான் முதலில் விசாரிப்பது இந்த நிமிடங்களைத்தான்.

அப்புறம் வேலை. ஒரு அறிக்கை எழுதிக்கொண்டிருக்கிறார். நடுவில் ஒரு இடத்தில் தடுக்குகிறது. அடுத்த வரி வரவில்லை. கை போனுக்குப் போகிறது. கவனச் சிதறல் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இப்படித்தான் ஆரம்பிக்கிறது. நோட்டிஃபிகேஷன் வந்து கூப்பிடுவது ஒரு பக்கம் இருக்கட்டும். தடுக்கிய அந்தச் சங்கடத்தைத் தாங்க முடியாமல் நாமாகவே போவதுதான் அதிகம். ஆனால் அந்தச் சங்கடத்தில் கொஞ்சம் உட்கார்ந்திருந்தால்தான் அடுத்த வரி பிறக்கும். அந்த இடைவெளியைத் தினமும் மூடிவிடுகிறவர் கொஞ்ச காலத்தில் தனக்கு யோசிக்கும் திறனே குறைந்துவிட்டதாக நம்பத் தொடங்குகிறார். திறன் எங்கும் போகவில்லை. அது வேலை செய்வதற்கான நேரம்தான் போய்விட்டது.

மதியம் அவர் ஒரு படம் போடுகிறார். லைக் வந்திருக்கிறதா என்று பார்க்கிறார், இல்லை. கொஞ்சம் கழித்துப் பார்த்தால் மூன்று. மறுபடி பார்த்தால் ஒன்றும் கூடவில்லை. அப்புறம் ஒரே நேரத்தில் பதினைந்து. பலன் எப்போது வரும் என்று தெரியாமல் இருக்கும்போதுதான் ஒரு செயலை விடாமல் செய்துகொண்டே இருக்கிறோம். இது 1950களிலேயே உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் விலங்குகளை வைத்துச் செய்த சோதனைகளில் தெளிவாகத் தெரிந்த விஷயம். சூதாட்ட இயந்திரங்கள் இதன் மேல்தான் நிற்கின்றன. ஃபேஸ்புக்கில் லைக் பொத்தான் 2009-இல் வந்தது. இன்று அது இல்லாத தளத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். முடிவே இல்லாமல் கீழே கீழே போய்க்கொண்டிருக்கும் ஸ்க்ரோல் முறையை 2006-இல் வடிவமைத்தவர் ஏசா ராஸ்கின். பக்கம் முடிகிற இடம் என்று ஒன்று இருந்தால், அங்கே போதுமா என்று மனம் ஒரு கணம் நிற்கும். அந்த இடத்தையே இந்த முறை எடுத்துவிட்டது. பின்னாளில் அவரே இதற்காக வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார். "எனக்கு மனக்கட்டுப்பாடே இல்லை" என்று தன்னைத் திட்டிக்கொள்கிறவர்களிடம் இதையெல்லாம் நான் கட்டாயம் சொல்வேன். எதிர்ப்பக்கத்தில் எவ்வளவு பேருடைய உழைப்பு நிற்கிறது என்று தெரிந்தாலே தன் மேல் உள்ள கோபம் கொஞ்சம் தணியும்.

மாலையில் இன்னொன்று. தோழிக்கு ஒரு செய்தி அனுப்பியிருக்கிறார். இரண்டு நீல டிக்கும் வந்துவிட்டன, பதில் வரவில்லை. வாட்ஸ்அப்பில் இந்த நீல டிக் 2014-இல்தான் வந்தது. அதற்கு முன்னால் பதில் வரவில்லை என்றால் பார்த்திருக்கமாட்டார் என்று நினைத்துக்கொள்ள ஒரு வழி இருந்தது. இப்போது அந்த வழி அடைபட்டுவிட்டது. பார்த்துவிட்டு ஏன் பேசவில்லை? போன வாரம் நான் சொன்னது தப்பாகப் பட்டுவிட்டதா? ஆன்லைனில் இருக்கிறாரே, யாருடன் பேசுகிறார்? ஒரு முழு மாலையும் இப்படி ஓடிவிடுகிறது. நிராகரிப்புக்கு ஏற்கெனவே அஞ்சுகிறவர்களை இந்தச் சின்ன நிற மாற்றம் எவ்வளவு வதைக்கிறது என்பதை ஆலோசனை அறையில் பார்க்கிறேன். செட்டிங்ஸில் போய் அதை அணைத்துவிடலாம். அணைத்த பிறகு தூக்கம் சரியானது என்று சொன்னவர்கள் உண்டு.

எனக்கு மிகவும் கவலை தருவது வீட்டுக்குள் நடப்பது. கணவனும் மனைவியும் வாக்குவாதம் செய்கிறார்கள். குரல் உயர்கிறது, பிறகு அமைதி. அந்த அமைதி தாங்க முடியாததாக இருக்கும். அது தாங்க முடியாததாக இருப்பதால்தான் யாராவது ஒருவர் இறங்கிவந்து "சாப்பிட்டாயா?" என்று கேட்பார். சமாதானம் பெரும்பாலும் அப்படித்தான் தொடங்கும். இப்போது இருவரும் ஆளுக்கொரு போனை எடுத்துக்கொண்டு வெவ்வேறு அறைக்குப் போய்விடுகிறார்கள். சிரிப்பு வீடியோ ஓடுகிறது, அமைதி உறுத்துவதில்லை. உறுத்தாததால் யாரும் முதலில் பேசுவதுமில்லை. சண்டை முடியாமலே மறுநாளுக்குப் போகிறது. இப்படியே சேர்ந்துகொண்டும் போகிறது. பல தம்பதிகளிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: சண்டைக்குப் பிறகு ஒரு மணி நேரம் இருவருடைய போனும் கூடத்திலேயே இருக்கட்டும்.

இரவைப் பற்றிக் கேட்டால் பலர் தயக்கத்தோடு சொல்வது இது: "நாள் முழுக்க யார் யாருக்காகவோ ஓடுகிறேன். பதினோரு மணிக்கு மேல்தான் எனக்கென்று கொஞ்ச நேரம்." இதை நான் தள்ளிவிடுவதில்லை. அந்தத் தேவை உண்மையானது. பகலில் அரை மணி நேரம்கூடச் சொந்தமாக இல்லாதவரிடம் இரவில் போனை வைத்துவிடுங்கள் என்று சொல்வது நியாயமாகாது. முதலில் பகலில் அந்த அரை மணி நேரத்தை எப்படி உண்டாக்குவது என்று பேச வேண்டும். ஆனால் அந்த இரவு நேரத்தில் போனில் கண்ணில் படுவது பெரும்பாலும் பிறருடைய வாழ்க்கைதான். நம்மைப் பிறரோடு ஒப்பிட்டுத்தான் நம் நிலையை அளந்துகொள்கிறோம் என்று உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1954-இல் எழுதினார். அந்த ஒப்பீடு பகலிலும் நடக்கிறது, ஆனால் களைத்துப்போன இரவு மனத்துக்கு அதைத் திருப்பி அடிக்கத் தெம்பு இருப்பதில்லை.

இதைப் படித்துவிட்டு எல்லாக் கணக்கையும் அழித்துவிட வேண்டும் என்று யாரும் கிளம்ப வேண்டாம். அமெரிக்காவில் 2018-இல் நடந்த ஒரு ஆய்வில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பங்கெடுத்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் நான்கு வாரம் ஃபேஸ்புக்கை நிறுத்திவைத்தார்கள். தினமும் சுமார் ஒரு மணி நேரம் மிச்சமானது, மனநலம் சற்று உயர்ந்தது. கூடவே நாட்டு நடப்பு பற்றிய அறிவு குறைந்தது. அதே ஆண்டு வெளியான பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில் 143 மாணவர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒரு குழுவினர் ஒவ்வொரு தளத்திலும் தினம் பத்து நிமிடம் என்று மூன்று வாரம் சுருக்கிக்கொண்டபோது தனிமை உணர்வும் மனச்சோர்வு அறிகுறிகளும் குறைந்தன. முழுவதும் விட்டுவிடாமலே பலன் கிடைக்கிறது என்பது எனக்கு நம்பிக்கை தருகிறது. அரிய நோயோடு வாழ்கிற ஒருவருக்குத் தன்னைப் போன்ற இன்னொருவர் கிடைப்பதும், கைக்குழந்தையோடு இரவெல்லாம் விழித்திருக்கிற தாய்க்குப் பேச்சுத்துணை கிடைப்பதும் இதே திரையில்தான். இன்னொன்று: உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் வீடியோ கேம் கோளாறு இருக்கிறது, சமூக ஊடக அடிமைத்தனம் என்ற நோய் இல்லை. அந்தப் பட்டத்தை உங்களுக்கோ உங்கள் பிள்ளைக்கோ அவசரப்பட்டுச் சூட்டாதீர்கள்.

நான் கொடுக்கிற வீட்டுவேலை எளிது. ஒரு வாரம் எதையும் குறைக்க வேண்டாம். போனை எடுத்ததைக் கவனித்தபோதெல்லாம், எடுப்பதற்குச் சற்று முன் மனதில் என்ன இருந்தது என்று ஒரு தாளில் ஒரு சொல் எழுதினால் போதும்: சலிப்பு, பயம், கோபம், தனிமை, பழக்கம். வாரக் கடைசியில் ஒரு சொல் மற்றவற்றைவிட அதிகமாகத் தெரியும். அங்கேதான் கை வைக்க வேண்டும். பழக்கம் என்றால் ஒரு தனி அலாரக் கடிகாரமும் அறைக்கு வெளியே ஒரு சார்ஜரும் பாதி வேலையை முடித்துவிடும். தனிமை என்றால் கடிகாரம் உதவாது. ஸ்டேட்டஸில் தினமும் பார்க்கிற ஒருவருக்கு போன் பண்ணிப் பேச வேண்டியிருக்கும். பயம் என்றால் அந்தப் பயத்தைப் பற்றித்தான் பேச வேண்டும்.

சில சமயம் வீட்டுவேலை போதாது. துயரத்தில் இருக்கும்போது எந்தப் பதிவில் நின்று பார்க்கிறோமோ, அதைப் போன்றதையே, எதைக் காட்டுவது என்று முடிவு செய்கிற அல்காரிதம் மேலும் மேலும் கொண்டுவருகிறது. பிரிட்டனில் 14 வயதுச் சிறுமி ஒருத்தி 2017-இல் இறந்தாள். அவளுடைய மரணத்தில் இத்தகைய பதிவுகளுக்கும் பங்கு இருந்தது என்று 2022-இல் மரண விசாரணை அதிகாரி முடிவு சொன்னார். உங்கள் ஃபீட் முழுக்க மரணமும் சுயவதையுமாக நிறைந்திருந்தால், அல்லது உங்கள் பிள்ளை தன் திரையை யாருக்கும் காட்டாமல் இரவுகளில் அழுதுகொண்டிருந்தால், காத்திருக்க வேண்டாம். போனைப் பிடுங்குவதால் பேச்சு நின்றுவிடும். பக்கத்தில் உட்கார்ந்து, என்ன பார்க்கிறாய் என்று திட்டாமல் கேளுங்கள். அன்றைக்கே ஒரு மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ அழையுங்கள். போகும்போது அந்த போனையும் எடுத்துச் செல்லுங்கள். வாயால் சொல்ல முடியாதவர்கள்கூட, சில நாட்களாகத் தங்களுக்கு வந்துகொண்டிருக்கும் பதிவுகளை எங்களிடம் திறந்து காட்டிவிடுகிறார்கள்.