மாங்குளத்துக்கு அப்பால் அறுந்த இணைப்பு

கிளிநொச்சியில் வலையமைப்புக் கற்கும் மாணவி ஒருவர், ஆய்வுகூடப் பயிற்சியில் தாம் கண்ட ஒரு வரியைப் பற்றிக் கேட்டிருந்தார். பொதிகள் எனப்படும் தரவுத் துண்டுகளுக்கு வழிகாட்டும் கருவியான ரவுட்டரில் சுருக்க வழியொன்றை, அதாவது பல முகவரித் தொகுதிகளை ஒன்றாகச் சேர்த்து அறிவிக்கும் வழியை, அமைத்ததும், அதே முகவரித் தொகுதியை 'நல்-0' என்ற இடைமுகத்துக்கு அனுப்பும் வரியொன்று வழி அட்டவணையில் தானாகவே தோன்றியதாம். நல்-0 இற்குப் போகும் பொதிகள் கைவிடப்படும் என்று படித்திருந்ததால், தமது பிங் (மறுமுனை பதிலளிக்கிறதா என்று பார்க்கும் சோதனை) தவறியதற்கு அதுவே காரணமா என்பது அவருடைய ஐயம். காரணம் அதுவன்று, ஆனால் காரணம் எங்கே இருக்கிறது என்பதை அந்த வரி சுட்டிக்காட்டுகிறது.

மாங்குளம் சந்தியில் கிழக்கு நோக்கித் திரும்புபவருக்கு 'முல்லைத்தீவு' என்ற ஒரு பெயர்ப்பலகை போதும். உள்ளே எந்த ஒழுங்கை மாரி வெள்ளத்தில் மூழ்கியுள்ளது என்பதை அந்தப் பலகை சொல்லாது. சுருக்க வழியும் அத்தகையதே. ஒரு கற்பனை வலையமைப்பில் ஒட்டுசுட்டானுக்கு 10.20.0.0/24, புதுக்குடியிருப்புக்கு 10.20.1.0/24, முல்லைத்தீவுக்கு 10.20.2.0/24 என்று வைத்துக்கொள்வோம். சாய்கோட்டுக்குப் பின்வரும் எண், தொகுதியின் பொதுத் தொடக்கப் பகுதியான முன்னொட்டின் நீளம்; அது குறைந்தால் தொகுதி பெரிதாகும். மாங்குளம் ரவுட்டர் இவற்றைத் தனித்தனியே அறியும், கிளிநொச்சிக்கோ 10.20.0.0/22 என்ற ஒரே வரியை மட்டும் அறிவிக்கும். இதனால் அட்டவணை சிறுக்கிறது, ஓர் இணைப்பின் தள்ளாட்டம் வலையமைப்பு முழுவதையும் குலுக்குவதில்லை.

இப்போது புதுக்குடியிருப்பு இணைப்பு அறுகிறது. மற்ற இரண்டும் உயிருடன் இருப்பதால் /22 அறிவிப்பு தொடர்கிறது. கிளிநொச்சியில் எல்லாம் நலமாகவே தோன்றும். 10.20.1.15 என்ற முகவரிக்கான பொதி வழக்கம்போல் மாங்குளம் வந்து சேர்கிறது. அங்கே /24 வரி இல்லை. நல்-0 வரியும் இல்லையென்றால், மாங்குளத்தின் இயல்பு வழி (வேறு வரி எதுவும் பொருந்தாதபோது பயன்படும் வழி) கிளிநொச்சியை நோக்கியிருப்பதால், பொதி வந்த திசைக்கே திரும்பும். கிளிநொச்சி /22 ஐப் பார்த்து மறுபடியும் மாங்குளத்துக்கு அனுப்பும். லினக்ஸ் கணினியிலிருந்து 64 என்ற ஆயுள் எண்ணுடன் புறப்பட்ட பொதி, ஒவ்வொரு தாவலிலும் ஒன்று குறைந்து சுழியமாகும்வரை ஏ9 வீதியில் வடக்கும் தெற்குமாக அலைந்துகொண்டிருக்கும்.

இந்தச் சுழலை அறுப்பதுதான் நல்-0 வரி. ரவுட்டர் எப்போதும் மிக நீண்ட முன்னொட்டையே தேர்கிறது. /24 இருக்கும்வரை அது /22 ஐ வெல்லும். எனவே நல்-0 ஒரு நல்ல பொதியையும் தொடாது. /24 மறைந்தால், /22 இயல்பு வழியான /0 ஐ வென்று, பொதியை மாங்குளத்திலேயே நிறுத்துகிறது. புதிய விதி எதுவும் சேர்க்காமல், ஏற்கெனவே உள்ள ஒப்பீட்டு விதியைக் கொண்டே இந்தக் காவலை அமைத்திருப்பது, எத்தனை முறை விளக்கினாலும் எனக்கு வியப்புத் தருகிறது. 1993 இல் வெளியான ஆர்எஃப்சி 1519 என்ற இணைய நெறிமுறை ஆவணமே இதை விதியாக வகுத்தது: சுருக்கத்துக்குப் பொருந்தி, அதன் உறுப்பு வழிகள் எதற்கும் பொருந்தாத பொதியைச் சுருக்கியவரே கைவிட வேண்டும்.

ஆகவே பிழை தேடுபவர், கிளிநொச்சி அட்டவணையில் /22 இருப்பதைச் சேருமிடம் இயங்குவதற்கான சான்றாகக் கொள்ளக்கூடாது. பொதி கடக்கும் ரவுட்டர்களை வரிசையாகக் காட்டும் டிரேஸ்ரூட் மாங்குளத்தோடு நின்றால், அந்த ரவுட்டருக்குள் நுழைந்து, தொகுதியைத் தேடாமல் 10.20.1.15 என்ற முகவரியையே தேட வேண்டும். விடையாக நல்-0 வந்தால், அறுந்தது அதற்கு அப்பால் உள்ள உறுப்பு வழி. இரண்டு ரவுட்டர்களின் முகவரிகள் மாறி மாறி வந்தால், காவல் வரி இல்லை. இதைப் பார்க்காமல் ரவுட்டரை நிறுத்தி மீண்டும் இயக்கும் பழக்கம் நம்மிடையே ஏறக்குறைய ஒரு நேர்த்திக்கடனாகவே ஆகிவிட்டது. அது தடயங்களை அழிப்பதால் நான் அதை வன்மையாக எதிர்க்கிறேன். எங்கள் ஆய்வுகூடங்களில் இயங்கும் வலையமைப்பைக் கட்டுவதற்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியையாவது, வேண்டுமென்றே அறுத்த வலையமைப்பைப் படிப்பதற்கு ஒதுக்க வேண்டும்.

இன்னுமொரு தடயம், வழிகளை ஒப்பிட ரவுட்டர் பயன்படுத்தும் செலவு எண்ணில் உண்டு. ரவுட்டர்கள் தமக்குள் வழிகளைப் பகிர்ந்துகொள்ளும் ஈஐஜிஆர்பி நெறிமுறை, உறுப்பு வழிகளுள் மிகக் குறைந்த செலவைச் சுருக்கத்துக்குச் சூட்டுகிறது. ஆகவே மிகக் குறைந்த செலவுள்ள ஒட்டுசுட்டான் வழி அறுந்தால், கிளிநொச்சியில் /22 இன் செலவு உயரும். புதுக்குடியிருப்பு அறுந்தால் அந்த எண் அசையாது; மாணவியின் பயிற்சியைப் போலவே, மாங்குளத்துக்குள் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.