'டெஸ்ட் பிட்': தமிழில் சோதனைக் குழி

மண்ணுக்கடியில் பழைய தடயம் உண்டா, எந்த ஆழத்தில், எவ்வளவு தூரம் பரந்திருக்கிறது என்று அறியத் தொல்லியலாளர் தோண்டும் சிறு குழியே 'டெஸ்ட் பிட்'. வழக்கமாக 1 மீற்றர் சதுரம். தமிழில் சோதனைக் குழி. அந்த வேலைக்குச் சோதனை அகழ்வு.

'டெஸ்ட்' என்பதன் வேர் மட்பாண்டத்தைக் குறிக்கும் இலத்தீன் 'டெஸ்டும்'. பொன், வெள்ளியை உருக்கித் தரம் பார்த்த கிண்ணத்தின் பெயர், பிறகு எல்லாப் பரீட்சைக்கும் ஆகிவந்தது. வடமொழி 'சோதன'த்துக்கும் தூய்மையாக்கல், உலோகத்தின் மாசு நீக்கல் என்ற பொருள்கள் உண்டு. ஆகவே 'சோதனை' இங்கே நன்றாகவே பொருந்துகிறது. 'அகழ்' தமிழ் வேர். "அகழ்வாரைத் தாங்கும் நிலம்" என்ற குறளில் அது வெறும் தோண்டல்தான். கீரை ஆய்கிறோமே, அந்த 'ஆய்' சேர்ந்தால்தான் அகழாய்வு.

கொழும்பில் கட்டட ஒப்பந்தக்காரரும் 'டெஸ்ட் பிட்' என்பர். அவர்கள் பார்ப்பது நிலம் சுமை தாங்குமா என்பதை. அறிக்கையில் 'தொல்லியல் சோதனைக் குழி' என்று எழுதினால் குழப்பமில்லை.

கொழும்பின் விகாரமகாதேவி பூங்கா போன்ற இடமென்றால் முதலில் பழைய வரைபடங்கள், பிறகு நிலத்தின் மேலே கிடப்பதைத் தேடும் மேற்பரப்பாய்வு. அடுத்து 10 அல்லது 20 மீற்றருக்கொன்றாக மண்வெட்டியால் தோண்டும் சிறு குழிகள். ஏதும் அகப்பட்ட இடத்தில் மட்டும் சதுரக் குழி. 10 சென்ரிமீற்றர் படையாக இறக்கி, ஒவ்வொரு படை மண்ணையும் தனித்தனியே அரிக்க வேண்டும். இலங்கையின் வரலாற்றுக்கு முந்திய நுண்கற்கருவிகள் பெரும்பாலும் குவார்ட்ஸ், மிகச் சிறியவை. 6 மில்லிமீற்றர் கண்ணுள்ள அரிதட்டில் சில்லுகள் நழுவிவிடும். 3 மில்லிமீற்றர் கண்ணில், தண்ணீர் ஊற்றி அரிப்பதே நல்லது.

பூங்காவின் பெரிய தொல்லை கொண்டுவந்து கொட்டிய மண். அதில் வந்த கருவி வேறு ஊருடையதாக இருக்கலாம். வேர்களும் தண்ணீர்க் குழாய்ப் பள்ளங்களும் படைகளைக் கலக்கும். புல்வெட்டி இயந்திரம் உடைத்த குவார்ட்ஸ் துண்டைக் கருவியென்று பையில் போடுவதும் நடக்கும். வெறுமையான குழியைக் கண்டு "இங்கே தடயமில்லை" என்று எழுதக்கூடாது. 20 மீற்றர் இடைவெளிக்குள் சிறிய வாழிடமொன்று முழுதாகவே தப்பிவிடும். "இக்குழியில் கிடைக்கவில்லை" என்பதே சரி.

1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி அகழ்வுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். குழி சிறிதென்பது விலக்கல்ல. மூடுமுன் அடியில் ஒரு தறப்பாள் துண்டோ அவ்வாண்டு நாணயமோ போட்டுவிட்டால், பின்னால் தோண்டுபவருக்கு இது ஏற்கெனவே கிளறிய மண் என்று தெரியும்.