வீல் பேரிங்கில் விசை போகும் வழி

கார் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் அடியிலிருந்து ‘ஊம்ம்’ என்று ஒரு முனகல் கிளம்பும். வேகம் கூடக் கூட அதுவும் கூடும். முதலில் எல்லோரும் பழியை டயர் மேல்தான் போடுவார்கள். டயர் சத்தம் என்றால் சாலைக்குச் சாலை மாறும். வழவழப்பான தாரில் அடங்கும், சொரசொரப்பில் ஏறும். இந்த முனகல் சாலையைக் கண்டுகொள்ளாது, வளைவில்தான் மாறும். இடது பக்கம் திரும்பும்போது வண்டியின் பாரம் வலது சக்கரங்கள் மேல் சாய்கிறது. அப்போது முனகல் ஏறினால் சந்தேகம் வலது பக்க வீல் பேரிங் மேல், அதாவது சக்கரத்தைத் தாங்கி உரசாமல் சுழல விடும் பாகத்தின் மேல். வலது பக்கம் திரும்பும்போது ஏறினால் இடது பக்கத்தின் மேல்.

பாகங்களை அழுத்தி ஏற்றும் பெரிய பிரஸ்ஸோ வண்டியைத் தூக்கும் லிஃப்டோ இல்லாமல் இந்த பேரிங்கை வீட்டிலேயே மாற்ற முடியுமா? முடியும். நான் மாற்றியிருக்கிறேன். ஒரு முறை புத்தம்புதிய பேரிங் ஒன்றைப் பாழாக்கியும் இருக்கிறேன். இரண்டு அனுபவமும் சேர்ந்து எனக்குள் பதிய வைத்தது ஒரே கேள்வியைத்தான்: நான் கொடுக்கிற விசை எந்த வழியாகப் போகிறது? இந்தக் கேள்வியை ஒவ்வொரு கட்டத்திலும் கேட்டுக்கொண்டால் வேலையில் பாதி முடிந்த மாதிரி. அது ஏன் என்று புரிய, பேரிங்கின் உள்ளே கொஞ்சம் போய்ப் பார்க்க வேண்டும்.

உள்ளே இருப்பவை சொற்பம். இரண்டு எஃகு வளையம், நடுவே பால்ரஸ் குண்டுகள், அவை ஒன்றோடொன்று உரசாமல் இடைவெளி பிடித்துக் கொடுக்கும் ஒரு கூண்டு, கிரீஸ், கிரீஸை உள்ளேயும் தண்ணீரையும் மண்ணையும் வெளியேயும் நிறுத்தும் இரண்டு சீல். இன்றைய கார்கள் பலவற்றில் குண்டுகள் இரண்டு வரிசையாக, சாய்ந்த பள்ளங்களில் ஓடுகின்றன. வண்டியின் எடை மேலிருந்து அழுத்தும், வளைவில் பக்கவாட்டிலும் தள்ளும். இரண்டையும் தாங்கத்தான் அந்தச் சாய்வு.

வட்டமான குண்டு வளையத்தைத் தொடும் இடம் கணிதப்படி ஒரு புள்ளி. புள்ளிக்குப் பரப்பு இல்லையே, அப்படியானால் அழுத்தம் எல்லையில்லாமல் போக வேண்டுமே? போவதில்லை. எஃகு துளி அமுங்கிக் கொடுக்கிறது. புள்ளி ஒரு சின்ன நீள்வட்டமாக விரிகிறது. இதற்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தவர் ஹைன்ரிச் ஹெர்ட்ஸ். பின்னாளில் மின்காந்த அலைகளை ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கிக் காட்டிய அதே ஹெர்ட்ஸ்தான். 1881-ல், 23 வயதில், பெர்லினில் இருந்தபோது, இரண்டு கண்ணாடி லென்ஸ்களை ஒன்றின் மேல் ஒன்றாக அழுத்தினால் தொடும் இடம் எப்படி உருமாறும் என்று ஆராயப் போய் இந்தச் சூத்திரங்களுக்கு வந்து சேர்ந்தார். அவர் கணக்கைப் போட்டுப் பார்த்தால், ஓடுகிற பேரிங்கில் குண்டு அமர்ந்திருக்கும் இடத்தில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 100 கிலோவுக்கு மேல் அழுத்தம் வருவது சர்வசாதாரணம். அதனால்தான் பேரிங் எஃகு தனி ரகம்: ஏறக்குறைய 1 சதவீதம் கரி, 1.5 சதவீதம் குரோமியம், கண்ணாடி போன்ற கடினம்.

இவ்வளவு அழுத்தம் தாங்கினாலும் எஃகுக்கும் அலுப்பு உண்டு. 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரம் ஒரு சுற்றுக்கு 1.9 மீட்டர் போகும். ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடியிருந்தால் அது ஐந்து கோடிச் சுற்றுகளுக்கு மேல். ஒவ்வொரு குண்டும் கடக்கும்போது வளையத்தின் தோலுக்குச் சற்றுக் கீழேதான் உலோகம் மிக அதிகமாகப் பிசையப்படுகிறது. விரிசல் அங்கே பிறந்து மேலே வருகிறது. ஒரு நாள் சின்னச் செதில் பெயர்ந்து குழி விழுகிறது. சீல் கிழிந்து தண்ணீர் புகுந்திருந்தால் துரு அந்த வேலையை இன்னும் சீக்கிரம் முடித்துவிடும்.

குழி விழுந்த பிறகு முனகல் எங்கிருந்து வருகிறது? 60 கிலோமீட்டர் வேகத்தில் நம் சக்கரம் நொடிக்கு ஏறக்குறைய 9 முறை சுற்றுகிறது. குண்டுகளைத் தாங்கிய கூண்டு அதில் பாதிக்கும் குறைவான வேகத்தில், சுமார் 0.4 பங்கில் சுற்றும். ஒரு வரிசைக்கு 13 குண்டு என்று வைத்துக்கொண்டால், வெளி வளையத்தில் உள்ள ஒரே குழியை நொடிக்கு ஏறக்குறைய 46 குண்டுகள் இடித்துவிட்டுப் போகின்றன. 46 ஹெர்ட்ஸ். காதுக்கு அது அடித்தொண்டை முனகல். 80 கிலோமீட்டரில் 60 ஹெர்ட்ஸைத் தாண்டும். சத்தத்தை அளக்கிற அலகுக்கும், குழி ஏன் விழுகிறது என்று சொல்லும் கணக்குக்கும் ஒரே மனிதரின் பெயர் என்பது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம்.

சந்தேகத்தை உறுதி செய்ய வண்டியை ஜாக்கியில் தூக்கி, கட்டாயம் அடியில் ஸ்டாண்டு கொடுத்து, தரையில் இருக்கும் சக்கரங்களுக்குக் கட்டை வைத்துவிட்டு, சந்தேகப்படும் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். இன்னொரு கையைச் சஸ்பென்ஷன் ஸ்பிரிங் மேல் வைத்துக்கொள்ளுங்கள். பழுதான பேரிங் மணலை அரைப்பது போல ஸ்பிரிங்கில் அதிரும். காதுக்குக் கேட்காததும் விரலுக்குத் தெரியும். அப்புறம் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் கோளாறு பேரிங்கில். பிரேக் பிடித்ததும் சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க், அதைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் வழியாக, பேரிங்கைத் தாங்கும் உலோகத் துண்டான நக்கிளோடு ஒன்றாகிவிடுகிறது. நடுவில் இருக்கும் பேரிங் கணக்கிலிருந்து விலகிவிடுகிறது. பிரேக் பிடித்தும் ஆடினால் நக்கிளைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் பால் ஜாயிண்ட்டைப் பாருங்கள்.

இனி, உங்கள் வண்டியில் எந்த வகை பேரிங் என்று தெரிந்துகொள்ளுங்கள். சக்கரம் மாட்டும் ஹப்போடு சேர்ந்து ஒரே துண்டாக, மூன்று நான்கு போல்ட்டில் மாட்டியிருந்தால் அதிர்ஷ்டம். துருதான் அங்கே எதிரி. துருநீக்கி எண்ணெயை முந்தின நாளே விட்டு, போல்ட்டுகளைச் சில சுற்றுத் தளர்த்தி, பின்னாலிருந்து மாற்றி மாற்றித் தட்டினால் இறங்கிவிடும். கழற்றுவது எப்படியும் குப்பைக்குப் போகிற பாகம் என்பதால் தட்டலாம். நக்கிளுக்குள் பிரஸ் செய்து, சர்கிளிப் என்ற பூட்டு வளையம் போட்டு நிறுத்தியிருக்கும் வகைதான் உண்மையான வேலை.

வேலை, ஆக்சிலின் நுனியில் ஹப்பை இறுக்கிப் பிடிக்கும் ஆக்சில் நட்டில் தொடங்குகிறது. பல கார்களில் அதன் முறுக்கு 200 நியூட்டன் மீட்டரைத் தாண்டும். ஒரு மீட்டர் கம்பியின் நுனியில் 20 கிலோ தொங்கினால் வருகிற முறுக்கு அது. சக்கரம் தரையில் அழுந்தியிருக்கும்போதே நட்டை இளக்கிவிட்டு, பிறகு தூக்குங்கள். இளக்கிய பிறகு வண்டியை நகர்த்தக் கூடாது. இந்த வகையில் உள் வளையம் இரண்டு பாதிகளாக இருக்கிறது. அந்தப் பாதிகளைச் சேர்த்து இறுக்கிப் பிடிப்பது ஆக்சில் நட்தான். அந்தப் பிடி இல்லாமல் பாரம் ஏறினால் பாதிகள் விலகி, குண்டுகள் தம் இடத்தை விட்டு ஏறும்.

காலிப்பரைக் கழற்றிக் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள்; பிரேக் ஹோஸில் தொங்க விடாதீர்கள். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ்.ஸுக்குச் சக்கர வேகத்தைச் சொல்லும் சென்சாரை முதலிலேயே எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். நக்கிளை வண்டியிலிருந்து கழற்றி மேசைக்குக் கொண்டுவருவது கூடுதல் வேலைதான், ஆனாலும் நான் அதையே சொல்வேன். நேராக நிறுத்தி, பார்த்துச் செய்யலாம்.

ஹப்பை இழுக்கும்போது உள் வளையத்தின் ஒரு பாதி அதோடு ஒட்டிக்கொண்டு வரும். அதை எடுக்கப் பலர் மணிக்கணக்கில் போராடுவார்கள். கிரைண்டரால் வளையத்தில் குறுக்கே ஒரு கீறல் போடுங்கள், ஹப்பைத் தொடாமல், வளையத்தின் கனத்தில் முக்கால்வாசிக்கு. பிறகு கீறலில் உளியை வைத்து ஓர் அடி. ‘டக்’ என்று வெடித்துத் தளர்ந்துவிடும். ஹப்பின் மேல் இறுகியிருக்கும் வளையம் ஏற்கெனவே இழுவிசையில்தான் இருக்கிறது. கீறல் அந்த இழுப்பு முழுவதையும் ஒரு கோட்டில் குவிக்கிறது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் இதைச் செய்யவே கூடாது. இந்த எஃகு நெளியாது, சில்லாகப் பறக்கும்.

இப்போது பிரஸ். முழு நீளமும் மரை வெட்டிய 16 மில்லிமீட்டர் கம்பி, 10.9 தரத்தில், இரண்டு நட்டு, தடித்த வாஷர்கள், அளவான சாக்கெட்டுகள். இவ்வளவுதான். கம்பியைத் துளை வழியாக விட்டு நட்டை இறுக்க இறுக்க பேரிங் நகரும். இதில் எவ்வளவு விசை கிடைக்கும்? 30 சென்டிமீட்டர் ஸ்பேனரை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் கை 188 சென்டிமீட்டர் பயணிக்கிறது, நட்டோ 2 மில்லிமீட்டர்தான் முன்னேறுகிறது. விசை ஏறக்குறைய 940 மடங்காக வேண்டும். மரையிலும் வாஷரிலும் உராய்வு பத்தில் ஒன்பது பங்கைத் தின்றுவிடும். அப்படியும், கையால் 20 கிலோ இழுத்தால் மறுமுனையில் இரண்டு டன்னுக்கு அருகில் அழுத்தம்! மரைக்கு நன்றாகக் கிரீஸ் போட்டால் இன்னும் கூடும்.

அது போதாதபோது வெப்பம் துணைக்கு வரும். எஃகு ஒரு டிகிரிக்கு, ஒரு மில்லிமீட்டருக்கு 0.000012 மில்லிமீட்டர் விரியும். 72 மில்லிமீட்டர் பேரிங்கைப் பையில் கட்டி இரவு முழுக்க ஃப்ரீசரில் வைத்தால், 25 டிகிரியிலிருந்து மைனஸ் 18-க்கு இறங்கி, 0.037 மில்லிமீட்டர் சுருங்கும். நக்கிளை வெப்பக்காற்றுத் துப்பாக்கியால் 60 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால் அதன் துளை 0.05 அளவுக்கு விரியும். அலுமினிய நக்கிள் என்றால் ஏறக்குறைய இரட்டிப்பு. பேரிங்கை இறுக்கி வைத்திருப்பதே சில நூறில் பங்கு மில்லிமீட்டர் வித்தியாசம்தான். குளிரும் சூடும் சேர்ந்து அதைத் தின்றுவிட்டால் பேரிங் லேசான அழுத்தத்திலேயே உள்ளே போய் உட்காரும். தாமதம் கூடாது, ஒரு நிமிடத்தில் வித்தியாசம் கரைந்துவிடும். பேரிங்கின் பக்கம் மட்டும் நெருப்பைக் கொண்டுபோகாதீர்கள். சீல், கிரீஸ், எஃகின் கடினம் மூன்றும் கெடும்.

நான் தவறிய இடத்துக்கு இப்போது வருகிறேன். கையில் சரியான அளவுச் சாக்கெட் இல்லை. உள் வளையத்தில் முட்டுகிற ஒன்றை வைத்து இறுக்கினேன். பேரிங் அழகாக உள்ளே போனது. ஆனால் அந்த விசை உள் வளையத்திலிருந்து குண்டுகளுக்கும், குண்டுகளிலிருந்து வெளி வளையத்துக்கும் போய், அங்கிருந்துதான் நக்கிளைச் சேர்ந்தது. இரண்டு டன்னும் ஒரு வரிசைக் குண்டுகளின் வழியாக! முதல் ஓட்டத்திலேயே முனகல் இருந்தது. வெட்டிப் பார்த்தேன். பள்ளத்தின் ஓரத்தில், குண்டுகளின் இடைவெளியிலேயே, மணி மணியாகக் குழிகள்.

சுவீடன் பொறியாளர் யோகான் ஆகஸ்ட் பிரினெல் 1900-ல் உலோகத்தின் கடினத்தை அளக்க ஒரு முறை சொன்னார்: கடினமான குண்டு ஒன்றை உலோகத்தில் அழுத்து, விழும் குழியை அள. என் பேரிங்கில் நான் செய்தது அந்தச் சோதனையேதான். இந்தக் குழிகளுக்குப் பெயரும் பிரினெல் குழிதான். பேரிங் சுற்றாமல் நிற்கும்போது தாங்கும் நிலைப்பாரத்துக்கு வகுத்திருக்கும் எல்லையே குண்டின் விட்டத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நிரந்தரக் குழி. 12 மில்லிமீட்டர் குண்டுக்கு அது 0.0012 மில்லிமீட்டர். கண்ணுக்குத் தெரியாத அந்த அளவே எல்லை என்றால், கண்ணுக்குத் தெரிந்த என் குழிகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆக, பேரிங்கை நக்கிளுக்குள் ஏற்றும்போது அழுத்தம் வெளி வளையத்தில் மட்டும். பிறகு ஹப்பை பேரிங்குக்குள் ஏற்றும்போது பின்பக்கம் முட்டு உள் வளையத்தில் மட்டும். இரண்டிலும் குண்டுகள் விசையின் வழியில் இருக்கக் கூடாது. பேரிங் சாய்ந்து நுழைந்தால் உடனே நிறுத்தி நேராக்குங்கள். அப்படியே இழுத்தால் நக்கிளின் துளை சிராய்த்துவிடும். சத்தத்தையும் கேளுங்கள். அடியில் போய் உட்கார்ந்ததும் ஸ்பேனர் திடீரென்று கனக்கும். அங்கே நிறுத்திவிட்டு சர்கிளிப் பள்ளம் முழுதாகத் தெரிகிறதா என்று பாருங்கள்.

ஏற்றும் முன் ஒரு சோதனை. ஏ.பி.எஸ். உள்ள பல வண்டிகளில் பேரிங்கின் ஒரு சீலில் காந்த முனைகள் வட்டமாகப் பதிந்திருக்கும். அந்தப் பக்கம்தான் சென்சாரைப் பார்க்க வேண்டும். மெல்லிய குண்டூசியைச் சீலின் அருகே கொண்டுபோனால் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று தெரிந்துவிடும். வலுவான காந்தத்தை மட்டும் கிட்டே கொண்டுபோகாதீர்கள். தலைகீழாக ஏற்றிவிட்டால் ஏ.பி.எஸ். எச்சரிக்கை விளக்கு எரியும். திரும்ப எடுத்தால் பேரிங் போச்சு.

ஆக்சில் நட்டுக்குப் புதியதையே போடுங்கள். இரவல் வாங்கியாவது, முறுக்கை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் பயன்படுத்துங்கள். இந்த வேலையில் விட்டுக்கொடுக்கக் கூடாத கருவி அது ஒன்றுதான். குறைந்தால் பாதிகள் விலகும். கூடினால் மரை நீண்டுபோகும், வளையத்தின் மேலும் அளவுக்கு மீறிய அழுத்தம் ஏறும். வண்டியின் சர்வீஸ் கையேட்டில் உங்கள் மாடலுக்கான முறுக்கு எண் இருக்கும்.

பழைய பேரிங்கைத் தூக்கிப் போடாதீர்கள். அதன் வெளி வளையத்தைத் தனியாக எடுத்து, வெளிப்புறத்தைக் கொஞ்சம் தேய்த்து, குறுக்கே ஒரு வெட்டுக் கொடுத்தால், புதிய பேரிங்கின் வெளி வளையத்தில் மட்டும் அழுத்துகிற, அச்சு அசலான அளவுள்ள கருவி கையில் இருக்கும். துளைக்குள் சிக்காமலும் வரும். பாழான முதல் பேரிங்குக்குப் பிறகு நான் செய்தது அதைத்தான். அந்த வளையம் இன்னும் என் ஸ்பேனர் பெட்டியில் கிடக்கிறது. மறுபக்கச் சக்கரத்துக்கும் அதே அளவு பேரிங்தான்.